ஊர் திரும்பும் பாதை – 8: நான்கு வகை மனிதர்கள்

சென்ற வாரம் கதையை மாய் ஆற்றங்கரையில் நிறுத்தியிருந்தோம். தெற்கு பூட்டானிலிருந்து துரத்தப்பட்ட நேபாளி பேசும் மக்கள் அசாமையும் மேற்கு வங்கத்தையும் கடந்து லாரி லாரியாக வந்து இறங்கினார்கள். கிழக்கு நேபாளத்தின் ஜாபா மாவட்டத்தில், ஆற்று மணலில் மூங்கில் நட்டு, மேலே பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்திக் குடியேறினார்கள். 1991-ல் தட்டம்மையும் வயிற்றுப்போக்கும் அங்கே குழந்தைகளை வாரிக்கொண்டு போயின. அந்த ஆண்டு செப்டம்பரில்தான் நேபாள அரசு ஐ.நா. அகதிகள் ஆணையத்திடம் உதவி கேட்டது.

அவர்கள் ஏன் துரத்தப்பட்டார்கள் என்பதையும் பார்த்தோம். 1985-ன் குடியுரிமைச் சட்டம். 1988-ல் தெற்கு மாவட்டங்களில் நடந்த கணக்கெடுப்பு. 1958-ம் ஆண்டின் நிலவரி ரசீதைக் காட்டினால்தான் குடிமகன் என்ற நிபந்தனை. பள்ளிகளிலிருந்து நேபாளிப் பாடம் எடுக்கப்பட்டது; வடக்கத்தியரின் உடை எல்லோருக்கும் கட்டாயமானது. 1990 செப்டம்பரிலும் அக்டோபரிலும் தெற்கில் ஊர்வலங்கள் வெடித்தன. பிறகு கைதுகள், சித்திரவதை, வெளியேற்றம்.

1993-ன் நடுவில் ஜாபாவிலும் பக்கத்து மொரங் மாவட்டத்திலும் இருந்த முகாம்களில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். எல்லோரும் கேட்டது ஒன்றுதான். எங்களை எப்போது ஊருக்கு அனுப்புவீர்கள்?

அதற்கு விடை தேடி இரண்டு அரசுகள் பத்தாண்டுகள் பேசின. பதினைந்து சுற்றுகள். அந்தப் பேச்சின் கதைதான் இந்த வாரம்.

* * *

பூட்டான் ஏன் தயங்கியது?

தலைநகர் திம்புவில் இருந்தவர்களின் பயத்தை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பக்கத்தில் சிக்கிம் இருந்தது. அதுவும் பௌத்த அரசர் ஆண்ட சிறு நாடுதான். அங்கே நேபாளி பேசுவோர் பெரும்பான்மையானார்கள். அரசருக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்தது. 1975-ல் சிக்கிம் இந்தியாவின் மாநிலமாகிவிட்டது. பத்து ஆண்டுகள் கழித்து, கூப்பிடு தூரத்தில் இருக்கும் டார்ஜிலிங்கில் கூர்க்காலாந்து என்ற தனி மாநிலம் கேட்டு ரத்தக்களறி நடந்தது. அடுத்தது நாம்தான் என்று பூட்டானின் ஆளும் வட்டம் உண்மையாகவே நம்பியது.

பயம் உண்மை. ஆனால் அதற்கு அவர்கள் கண்ட மருந்து, தலைமுறை தலைமுறையாகத் தெற்கில் ஏலக்காயும் ஆரஞ்சும் விளைவித்துவந்த தங்கள் குடிமக்களையே குடிமக்கள் இல்லை என்று சொல்வது. பூட்டானின் மக்கள்தொகையே அன்று சுமார் ஆறு லட்சம். முகாம்களில் சேர்ந்தவர்களோ பிற்பாடு ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள். ஒரு நாடு தன் மக்களில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை வெளியே தள்ளிவிட்டு, அவர்கள் யாரென்றே தெரியாது என்றது.

பூட்டான் அரசு தன் தரப்பை இப்படி வைத்தது: முகாமில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பூட்டானியர்களே அல்லர். இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இலவச அரிசிக்காகவும் மருந்துக்காகவும் வந்து சேர்ந்தவர்கள். மற்றவர்கள் சொத்தை விற்றுவிட்டு, மனமொப்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர்கள். மன்னரே தெற்கே வந்து, போகாதீர்கள் என்று கேட்டுக்கொண்ட பிறகும் போனவர்கள்.

அந்தக் கையெழுத்து எப்படி வாங்கப்பட்டது என்பதற்கு முகாம்களில் ஆயிரக்கணக்கான சாட்சிகள் இருந்தார்கள். குடும்பத்தில் ஒருவர் சிறையில் இருப்பார். அவரை விட வேண்டுமானால் மொத்தக் குடும்பமும் நாட்டைவிட்டுப் போவதாகப் படிவத்தில் ஒப்பமிட வேண்டும். படிவம் பலருக்குப் படிக்கத் தெரியாத சோங்கா மொழியில் இருக்கும். நஷ்டஈட்டுப் பணத்தை வாங்கும்போது கேமரா முன்னால் சிரிக்கச் சொன்னார்கள் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் படிவங்களும் படங்களும் பத்திரமாகத் திம்பு போய்ச் சேர்ந்தன. பேச்சுவார்த்தை மேசையில் அவையே பூட்டானின் ஆயுதமாயின.

* * *

அக்டோபர் 1993

1993 ஜூலையில் நேபாள உள்துறை அமைச்சர் ஷேர் பகதூர் தேவுபா திம்பு சென்றார். இரு நாட்டு அமைச்சர்களும் அமரும் கூட்டுக் குழு அமைப்பதென்று முடிவானது. அக்டோபரில் காத்மாண்டுவில் முதல் கூட்டம். பூட்டான் தரப்பில் உள்துறை அமைச்சர் தாகோ செரிங்.

முகாம்களில் அன்று பெரிய எதிர்பார்ப்பு. அமைச்சர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்றால் அடுத்த அறுவடைக்குள் வீடு போய்விடலாம் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு.

கூட்டம் முடிந்தது. அகதிகளை நான்கு வகையாகப் பிரிக்க இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருந்தன.

முதல் வகை, பலவந்தமாக வெளியேற்றப்பட்ட உண்மையான பூட்டானியர்கள். இரண்டாவது, தாமாக வெளியேறிய பூட்டானியர்கள். மூன்றாவது, பூட்டானியர் அல்லாதவர்கள். நான்காவது, குற்றம் செய்த பூட்டானியர்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான ஏற்பாடு போலத்தான் தெரியும். யார் எவர் என்று பார்த்துப் பிரித்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் இந்தக் கதையின் திருப்புமுனை இந்த இடம்தான். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு நடந்த அத்தனை கேடுகளுக்கும் விதை இங்கேதான் விழுந்தது.

ஏனென்றால், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இவர் பூட்டானியரா, இல்லையா? பூட்டானியர் என்றால் திரும்பிப் போகும் உரிமை உண்டு. எப்படி வெளியே வந்தார், சிரித்துக்கொண்டு வந்தாரா, அழுதுகொண்டு வந்தாரா என்பது அந்த உரிமையைக் குறைக்காது. இரண்டே வகை போதும் என்று மனித உரிமை அமைப்புகள் திரும்பத் திரும்பச் சொன்னதும் இதனால்தான்.

இரண்டாவது வகையை நேபாளம் ஏற்றுக்கொண்ட அந்த நிமிடமே, சிறைக்கு அஞ்சிப் போட்ட கையெழுத்துகள் எல்லாம் செல்லுபடியாகும் பத்திரங்களாகிவிட்டன. நாட்டைவிட்டுத் தாமாகப் போனவர் குடியுரிமையை இழக்கிறார் என்பது பூட்டானின் நிலைப்பாடு. ஆக, அந்த வகையில் விழுபவர் திரும்பிப் போனாலும் குடிமகனாகப் போகப்போவதில்லை, மனுதாரராகத்தான் போவார்.

நான்காவது வகை இன்னும் கொடியது. 1990-ல் ஊர்வலம் போனதையே தேசத்துரோகம் என்றது பூட்டான். மன்னரிடம் தெற்கு மக்களின் குறையை மனுவாகக் கொடுத்த தேக் நாத் ரிசாலுக்கு, அந்தப் பேச்சு தொடங்கிய 1993-லேயே ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவரை 1989-ல் நேபாள மண்ணில் பிடித்து பூட்டானிடம் ஒப்படைத்தது அன்றைய நேபாள அரசு. அப்படியிருக்க, யார் குற்றவாளி என்று முடிவு செய்யும் அதிகாரத்தில் பூட்டானுக்குப் பங்கு கொடுத்தால் என்ன ஆகும் என்று காத்மாண்டுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது.

பிறகு ஏன் ஒப்புக்கொண்டார்கள்? நேபாளத்தில் மக்களாட்சி வந்து மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பேச்சே முறிந்துவிட்டால் என்ன செய்வதென்ற பதைப்பு இருந்தது. முதலில் அவர்களை மேசையில் உட்கார வைப்போம், பிறகு வழிக்குக் கொண்டுவருவோம் என்ற கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு கடைசிவரை நேராகவில்லை.

* * *

வாய்தா மேல் வாய்தா

நேபாளத்தில் ஆட்சி மாறிக்கொண்டே இருந்தது. கிரிஜா பிரசாத் கொய்ராலா போய் மன்மோகன் அதிகாரி வந்தார். அவர் போய் தேவுபா. பிறகு சந்த், தாபா, மீண்டும் கொய்ராலா, பட்டராய், திரும்பவும் கொய்ராலா, திரும்பவும் தேவுபா. 1996-ல் மாவோயிஸ்டுகளின் போர் தொடங்கியது. 2001 ஜூனில் அரண்மனையிலேயே அரச குடும்பம் சுட்டுக் கொல்லப்பட்டது. ஒவ்வொரு புதிய அமைச்சரும் அகதிகள் கோப்பை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்.

எதிர்ப்பக்கம் எதுவும் மாறவில்லை. 1972-ல் அரியணை ஏறிய மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக் அப்படியே இருந்தார். அமைச்சர்களும் அதிகாரிகளும் முந்தைய சுற்றில் என்ன பேசினோம் என்பதை நினைவில் வைத்திருந்தவர்கள். காலம் யார் பக்கம் இருக்கிறது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 1996 ஏப்ரலில் ஏழாவது சுற்று. எட்டாவது சுற்று 1999 செப்டம்பரில். நடுவில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் அந்தக் குழு கூடவே இல்லை.

அந்த இடைவெளியில் தெற்கில் இன்னொன்று நடந்தது. அகதிகள் விட்டுவந்த நிலங்களில் வடக்கு, கிழக்கு மாவட்டங்களிலிருந்து வந்த நிலமற்ற குடும்பங்களைப் பூட்டான் அரசு குடியமர்த்தத் தொடங்கியது. முகாமில் இருந்தவர் தன் தோட்டத்தின் நினைப்பிலேயே இருக்க, தோட்டத்தில் வேறொருவர் ஏலக்காய் பறித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது நாடு ஒன்றும் இருந்தது. நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் பொது எல்லை கிடையாது. நடுவில் கிடப்பது இந்தியா. அகதிகள் இந்திய மண்ணின் வழியேதான் நேபாளத்துக்கு வந்தார்கள். பல குடும்பங்களை லாரிகளில் ஏற்றி எல்லையில் உள்ள மேச்சி ஆற்றுப் பாலம் வரை கொண்டுவந்து விட்டது இந்தியக் காவல்துறைதான் என்று அவர்கள் சொன்னார்கள். 1949-ல் போட்ட உடன்படிக்கைப்படி பூட்டானின் வெளியுறவில் இந்தியாவின் ஆலோசனைக்கு அன்று இடம் இருந்தது. டெல்லி ஒரு வார்த்தை சொன்னால் திம்பு கேட்கும் என்று நேபாளம் நம்பியது. இது நீங்கள் இருவரும் பேசித் தீர்க்க வேண்டிய விவகாரம் என்று சொல்லி டெல்லி ஒதுங்கிக்கொண்டது.

ஆனால் முற்றிலும் ஒதுங்கவும் இல்லை. 1996-ல் அகதிகள் காந்திய வழியில் பூட்டானை நோக்கி நடக்கத் தொடங்கியபோது, மேற்கு வங்கத்தில் போலீசார் மறித்துக் கைது செய்தார்கள். அந்த மக்கள் அதே சாலையில் அகதிகளாக வந்தபோது யாரும் மறிக்கவில்லை. இந்தியா இந்த விவகாரத்தில் நடந்துகொண்ட விதத்தில் எந்த நியாயமும் இல்லை என்பதை இந்திய வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

* * *

தமக், மார்ச் 2001

2000-ம் ஆண்டில் அழுத்தம் கூடியது. அமெரிக்க அதிகாரிகள் பேசினார்கள். ஐ.நா. அகதிகள் ஆணையர் சதாகோ ஒகாட்டா இரு நாடுகளுக்கும் நேரில் வந்தார். அகதிகளை வகை பிரிக்க ஒவ்வொருவரையும் தனியே விசாரிப்பதா, குடும்பத்தை ஒன்றாக விசாரிப்பதா என்ற தகராறு மட்டுமே பல மாதங்களைத் தின்றிருந்தது. டிசம்பரில், பத்தாவது சுற்றில் ஒரு சமரசம் வந்தது. குடும்பத் தலைவரை விசாரிப்பது. 25 வயதைத் தாண்டியவர்களைத் தனியே விசாரிப்பது.

2001 மார்ச் 26. கூட்டுச் சரிபார்ப்புக் குழு ஜாபாவின் தமக் நகரில் வேலையைத் தொடங்கியது. நேபாளத் தரப்பில் ஐந்து பேர், பூட்டான் தரப்பில் ஐந்து பேர். முதல் முகாமாகக் குதுனாபாரி தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கிருந்து பேருந்தில் குடும்பம் குடும்பமாகக் கூட்டிவந்தார்கள்.

வந்தவர்களின் மடியில் பத்து ஆண்டுகளாகக் காப்பாற்றிய காகிதங்கள் இருந்தன. குடியுரிமை அட்டைகள், நிலவரி ரசீதுகள், பள்ளிச் சான்றிதழ்கள். கூரை ஒழுகும் மூங்கில் குடிசையில், ஒவ்வொரு மழைக்காலத்திலும் அரிசியைவிட முதலில் பத்திரப்படுத்தப்பட்டவை அந்தக் காகிதங்கள்தான். 1957-ன் ரசீது இருக்கிறது, 1959-ன் ரசீது இருக்கிறது, 1958 மட்டும் இல்லை என்பதால் ஊரில் குடியுரிமை மறுக்கப்பட்டவர்கள் அந்த வரிசையில் நின்றார்கள்.

ஐ.நா. ஆணையத்துக்கு அந்த அறையில் இடமில்லை. அகதிகளுக்காகப் பேச வழக்கறிஞரும் இல்லை. துரத்திய நாட்டின் அதிகாரிகள் மேசைக்கு அந்தப் பக்கம். துரத்தப்பட்டவர் இந்தப் பக்கம். நீ எப்படி வெளியே போனாய் என்று அவர்கள் கேட்பார்கள்.

ஒரே ஒரு முகாமை முடிக்க டிசம்பர் வரை ஆனது. அந்த வேகத்தில் போனால் எல்லா முகாம்களுக்கும் ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். முடிவையாவது உடனே சொன்னார்களா? அதற்கு இன்னும் பதினெட்டு மாதங்கள்.

* * *

பட்டியல்

2003 ஜூன் 18. முடிவு வெளியானது.

விசாரிக்கப்பட்டவர்கள் மொத்தம் 12,183 பேர். பலவந்தமாக வெளியேற்றப்பட்ட உண்மையான பூட்டானியர்கள் என்ற முதல் வகையில் 293 பேர். நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. தாமாக வெளியேறியவர்கள் 8,595 பேர். பூட்டானியர் அல்லாதவர்கள் 2,948 பேர். குற்றவாளிகள் வகையில் 347 பேர்.

இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பூட்டான் பத்து ஆண்டுகளாகச் சொல்லிவந்தது, முகாமில் இருப்போரில் பெரும்பாலோர் பூட்டானியர் அல்லர் என்று. பூட்டானும் சேர்ந்து கையெழுத்திட்ட இந்தப் பட்டியலின்படி, நான்கில் மூன்று பேர் பூட்டானியர்கள். அந்தப் பழைய வாதம் அதன் சொந்தக் கையெழுத்தாலேயே உடைந்தது. ஆனால் அதனால் அகதிகளுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. பெரும் பங்கினர் விழுந்தது இரண்டாவது வகையில்.

நான்காவது வகையின் 347 பேர் 85 குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஒருவர் மீது குற்றச்சாட்டு. அவரோடு குடும்பமே அந்தப் பட்டியலில். ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் பூட்டானியன், தம்பி அந்நியன் என்று பிரிந்த குடும்பங்களும் இருந்தன. மேல்முறையீட்டுக்குக் கொடுத்த அவகாசம் 15 நாள். மூன்றாவது வகையில் விழுந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் முறையீடு செய்தார்கள். அதையும் விசாரிக்க வேண்டியவர்கள் அதே குழுவினர்தான்.

செப்டம்பர் இறுதியில் ஜெனீவாவிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. இந்தத் திரும்பிப் போகும் ஏற்பாட்டில் தங்களுக்கு இடமே தரப்படவில்லை, அதனால் இதை ஊக்குவிக்க மாட்டோம், முகாம்களுக்கான உதவியையும் படிப்படியாகக் குறைப்போம் என்று ஐ.நா. அகதிகள் ஆணையர் ரூட் லூப்பர்ஸ் அறிவித்தார். அக்டோபரில் திம்புவில் பதினைந்தாவது சுற்று கூடியது. 2004 பிப்ரவரியில் முதல் குழு பூட்டான் திரும்பும் என்று இரு அரசுகளும் சொல்லின.

* * *

22 டிசம்பர் 2003

குதுனாபாரி முகாம். பூட்டான் அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்றதும் ஆயிரக்கணக்கானோர் கூடிவிட்டார்கள். எப்படித் திரும்பிப் போவது, போனதும் என்ன கிடைக்கும் என்று அதிகாரிகள் விளக்குவதாக ஏற்பாடு. பதின்மூன்று ஆண்டுகளில் பூட்டான் அரசு தன் மக்களிடம் நேருக்கு நேர் விவரம் சொல்லவந்தது அன்றுதான்.

அதிகாரிகள் நிபந்தனைகளைச் சொல்லத் தொடங்கினார்கள்.

முதல் வகையினருக்குக் குடியுரிமை உண்டு. ஆனால் பழைய வீடும் நிலமும் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. இரண்டாவது வகையினர் புதிதாகக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதுவரை பூட்டானுக்குள்ளேயே ஒரு முகாமில் இரண்டு ஆண்டுகள் இருக்க வேண்டும். வீட்டுக்கு ஒருவருக்கு வேலை தரப்படும். இரண்டு ஆண்டுக் காலம் அவர்களின் நடத்தை கவனிக்கப்படும். நான்காவது வகையினர் போய் இறங்கியதும் வழக்கைச் சந்திக்க வேண்டும்.

கூட்டத்தில் முதலில் சலசலப்பு. பிறகு கேள்விகள். பிறந்த மண்ணுக்கு மறுபடியும் விண்ணப்பமா? இந்த முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்கா? 1985 சட்டப்படி குடியுரிமை கேட்பவர் சோங்கா எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மன்னருக்கும் நாட்டுக்கும் எதிராகப் பேசிய பதிவு எதுவும் இருக்கக்கூடாது. இதில் எத்தனை பேர் தேறுவார்கள் என்று அங்கிருந்த வாத்தியார்களுக்குத் தெரியும்.

சத்தம் கூடியது. யாரோ கல்லெடுத்தார்கள். அடுத்தடுத்துக் கற்கள் பறந்தன. பூட்டான் அதிகாரிகள் சிலர் காயமடைந்தார்கள். நேபாளப் போலீசார் அவர்களை மீட்டு வெளியே கொண்டுபோனார்கள்.

அந்தக் கல் எறியப்பட்டிருக்கக் கூடாது. அன்றைக்கு முகாமின் பெரியவர்களே அப்படித்தான் வருந்தினார்கள். பத்தாண்டுகளாகத் தள்ளிப்போடக் காரணம் தேடிக்கொண்டிருந்தவர்களின் கையில் ஒரு நல்ல காரணம் வந்து விழுந்தது. குழு மொத்தமும் பூட்டான் திரும்பியது. தாக்குதல் பற்றி விசாரணை வேண்டும், பாதுகாப்புக்கு உறுதி வேண்டும் என்று திம்பு சொன்னது. பிப்ரவரி வந்தது, போனது. முதல் வகையில் இருந்த அந்த 293 பேரைக்கூட, எந்த நிபந்தனையும் இல்லாமல் தன் குடிமக்கள் என்று தானே ஒப்புக்கொண்டவர்களைக்கூட, பூட்டான் அழைத்துக்கொள்ளவில்லை. ஒரு குடும்பத்துக்காவது எல்லைக் கதவு திறந்திருந்தால், கல்லெறிதான் காரணம் என்ற வாதத்தை நம்பலாம்.

மற்ற ஆறு முகாம்களில் சரிபார்ப்பு தொடங்கவே இல்லை.

ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் இப்படியே ஓடின. உதவி சுருங்கியது, மண்ணெண்ணெய் நின்றது. முகாமில் பிறந்த பிள்ளைகள் பூட்டானைப் பார்க்காமலேயே மேல்நிலைப் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். அப்போதுதான், 2006 அக்டோபர் 2 அன்று, யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் உதவிச் செயலர் எலன் சாவர்பிரே, 60,000 பூட்டான் அகதிகளை அமெரிக்கா ஏற்றுக்கொள்ளத் தயார் என்றார்.

முகாம்கள் இரண்டாகப் பிளந்தன. பிள்ளைகளின் எதிர்காலத்துக்காகப் போய்விடலாம் என்றார்கள் சிலர். விமானம் ஏறினால் பூட்டான் வென்றுவிடும், ஊருக்குத் திரும்பும் உரிமையை நாமே விட்டுக்கொடுத்ததாகிவிடும் என்றார்கள் மற்றவர்கள். பேச்சு கைகலப்பானது. 2007 மே மாதம் மேச்சி பாலத்திலும் பெல்டாங்கி முகாமிலும் உயிர்கள் போயின.

அமெரிக்காவுக்குப் போகும் படிவத்தில் கையெழுத்திட்டவர்கள், தாமாக வெளியேறியவர்கள் என்று இரண்டாவது முறையும் பதிவாகிவிட்டார்களா? துரத்திய நாட்டின் பொறுப்பு அதோடு தீர்ந்துபோனதா? அடுத்த வாரம் பார்ப்போம்.